பொன்மலர் நடப்பதற்கான பதிவு

ஜூன் 3, செவ்வாய்
மேற்குக் காற்று பலம். மேகம் உண்டு. மழைக்கு வாய்ப்புக் குறைவு.

இம்மாதக் கடைசியில் சில நாட்கள் நான் வீட்டில் இருக்கமாட்டேன். மதுரையில் ஒரு மருத்துவமனையில் சில பரிசோதனைகள். மனைவி பொன்மலரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அதற்குள் காலைப் பாட்டுகளைப் பதிவு செய்து வைத்துவிட வேண்டும். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. முடித்தாக வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

காரணத்தை ஒழுங்காக எழுதிக்கொள்கிறேன். எழுதினால்தான் எனக்கு எதுவும் தெளியும். வானிலைத் துறை வேலை கொடுத்த பழக்கம் இது.

பொன்மலருக்கு நடுக்குவாதம் வந்து நான்காவது வருடம். கை நடுக்கம் மருந்துக்கு அடங்குகிறது. கால்தான் சொன்னபடி கேட்பதில்லை. நடந்துகொண்டே இருப்பாள், திடீரென்று இரண்டு பாதமும் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் வராது. போன வருடம் அப்படித்தான் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். குடியரசு தின அணிவகுப்பில் அவள் ஒரு விசில் ஊதினால் மைதானம் முழுவதும் கால் மாற்றும்.

பிசியோதெரபிக்கு வந்த பெண்தான் சொன்னாள், சீரான தாளம் கேட்டால் சிலருக்குக் கால் எழும் என்று. கொட்டுச் சத்தம் நன்றாக உள்ள ஒரு பாட்டைப் போட்டோம். பொன்மலர் அன்றே கூடத்தைக் குறுக்காகக் கடந்தாள். பாட்டு முடிந்ததும் நின்றுவிட்டாள். அடுத்த பாட்டு வேறு வேகத்தில் தொடங்கியது. கால் குழம்பியது. நான் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

ஆகவே தாளம் மாறவும் கூடாது, நிற்கவும் கூடாது. மாடியில் குடியிருக்கும் ரெக்ஸ் கல்யாண வரவேற்புகளுக்கு டிஜே. அவரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். தன் பழைய மிக்சிங் பெட்டியைக் கொடுத்தார். கணினியில் செருகினால் இரண்டு பாட்டை ஒரே நேரத்தில் ஓட்டலாம். ஒன்று முடியும் முன் அடுத்ததை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து, அடி மேல் அடி விழும்படி பொருத்தி, முன்னதைக் குறைத்துப் பின்னதை ஏற்ற வேண்டும். மற்றவர்கள் ஒரு வாரத்தில் கற்பதற்கு எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. இப்போது தினமும் காலையில் நான் பாட்டுகளை இணைக்கிறேன், அவள் கூடத்தில் நடக்கிறாள். எழுபத்தாறு வயதில் என்னை டிஜே என்று நான் சொல்லிக்கொள்ளமாட்டேன். வீட்டு வேலைக்கு வரும் செல்லக்கனி தெரு முழுவதும் சொல்லியிருக்கிறாள்.

நான் இல்லாத நாட்களில் பெட்டியை இயக்க ஆள் இல்லை. பதிவு ஒன்றே வழி.

ஜூன் 4, புதன்
காற்று அப்படியே.

ரெக்ஸிடம் எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டேன். அவர் லுங்கியோடு படியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சிகாமணி சார், போனை ஸ்பீக்கர் பக்கத்துல வச்சு ரெக்கார்டை அமுக்குங்க. சோலி முடிஞ்சு."

"ஒலித் தரம் நன்றாக இருக்க வேண்டும் ரெக்ஸ்."

"யாரு கேக்கப் போறா? டீச்சர்தானே?"

"அதனால்தான்."

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, கொஞ்சம் பொறுப்பாகவே பேசினார். மூன்று வழி இருக்கிறதாம். மிக்சிங் செய்யும் மென்பொருளிலேயே ஒரு பதிவுப் பொத்தான் உண்டு. அல்லது தனியாக ஓர் இலவசப் பதிவு மென்பொருள் போட்டுக் கணினியில் ஓடும் ஒலியை அதில் பிடிக்கலாம். அல்லது ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் விலை கூடியது. பதினைந்து நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம்.

"இவற்றில் எது சிறந்தது?"

"சார், நான் எதுல எடுத்தாலும் சனம் ஆடுது. நீங்கதான் மெத்தப் படிச்சவிய, சோதிச்சுப் பாருங்க."

மூன்றையும் சோதிப்பது என்று முடிவு செய்தேன். ஒரே பாட்டுத் தொகுப்பு, ஒரே ஒலிபெருக்கி, ஒரே நேரம். மற்றவை மாறாமல் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

ஜூன் 6, வெள்ளி
பிற்பகலில் புழுதிக் காற்று.

இலவச மென்பொருளில் முதல் பதிவு. தோல்வி. முழுக்க என் தவறு.

மொட்டை மாடி அறையிலிருந்து பெரிய ஒலிபெருக்கியை நானே இறக்கிக்கொண்டு வந்தேன். உடனே உட்கார்ந்து பதிவைத் தொடங்கினேன். பாட்டுகளை நன்றாகவே இணைத்தேன் என்று நினைக்கிறேன். போட்டுக் கேட்டபோது கொட்டு எங்கோ அடுத்த தெருவில் அடிப்பது போல் இருந்தது. அதற்கு முன்னால், மிகத் தெளிவாக, எங்கள் குக்கர் மூன்று விசில் விட்டது. செல்லக்கனி மீன்காரரிடம், "இது சாளையா, சாளைக்குப் பேரப்பிள்ளையா?" என்று கேட்டாள். கணினியின் சிறு மைக் திறந்திருந்திருக்கிறது. பதிவுக்கு எதிலிருந்து ஒலி எடுக்க வேண்டும் என்று மென்பொருள் கேட்கும் இடத்தை நான் பார்க்கவே இல்லை. கருவியைத் திறக்கும் முன் அதன் அமைப்புகளைப் படி என்று எத்தனை இளநிலை அலுவலர்களுக்குச் சொல்லியிருப்பேன்!

பொன்மலர் கேட்க வேண்டும் என்றாள். ஹெட்போனை மாட்டிவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏங்க, இதை ரேடியோல போடலாம். பாட்டுக்குப் பாட்டு, மீனுக்கு மீனு."

பிறகு சிரிப்பை நிறுத்தி, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டாள். "ரெண்டு பாட்டுக்கு நடுவுல என்னமோ சத்தம் வருதே, அது என்ன?"

மின்விசிறி என்றேன். மின்விசிறியாகத்தான் இருக்க வேண்டும்.

அழிக்கவில்லை. தவறான பதிவுகளையும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஜூன் 8, ஞாயிறு
ஆலயத்துக்குப் போகவில்லை. அங்கே படிகள் அதிகம்.

ஜூன் 9, திங்கள்
தெளிந்த வானம்.

விலை கூடிய மென்பொருள். நேர்த்தியாக இருக்கிறது, ஒலி கண்ணாடி போல் வருகிறது. இதுதான் என்று மனம் சொல்லிவிட்டது. பொன்மலரை நடக்க வைத்தேன். சாப்பாட்டு மேசை வரை அருமையாகப் போனாள். அங்கே பாட்டின் நடுவில் ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில், இது சோதனைப் பதிப்பு என்று அறிவித்தது. பொன்மலர் அப்படியே நின்றுவிட்டாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சல்யூட் வைத்தாள்.

"யாருங்க இந்த ஹெட்மிஸ்ட்ரஸ்?"

பணம் கட்டினால் அந்தக் குரல் போய்விடுமாம். ஆனால் திரை முழுவதும் எனக்குத் தெரியாத குமிழ்கள். நான் இல்லாதபோது ஏதாவது தவறினால் செல்லக்கனியால் சரிசெய்ய முடியாது. எனக்கே முடியாது. நீக்கிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்
மேகமூட்டம். தென்காசிப் பக்கம் சாரல் என்று செய்தி.

மிக்சிங் மென்பொருளின் சொந்தப் பதிவுப் பொத்தான். எளிது, ஒரே அமுக்கு. சத்தம் பலமாக இருந்தால் பொன்மலருக்கு நல்லது என்று எல்லா விசையையும் மேலே தள்ளி வைத்தேன். திரையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சிவப்பு, பதிவு ஓடுகிறது என்பதற்கான அடையாளம் என்று நினைத்தேன்.

போட்டுக் கேட்டேன். எனக்கு நன்றாகவே இருந்தது. பொன்மலர் நடந்தாள், ஆனால் அடி சிறுத்துவிட்டது, பாதத்தைத் தூக்காமல் தேய்த்தாள்.

"கொட்டு நனைஞ்ச அட்டை மாதிரி இருக்கு. எங்க அடிக்கான், எங்க முடிக்கான்னு தெரியல."

பிறகு படித்துப் பார்த்தேன். சிவப்பு என்றால் ஒலி அளவு மீறுகிறது என்று பொருள். அலையின் தலைகள் எல்லாம் வெட்டுப்பட்டு மட்டமாகிவிடும். கொட்டுக்கு உயிரே அந்தத் தலைதான். மழைமானி நிரம்பி வழிந்த பிறகு அளவெடுத்தது போன்ற காரியம் செய்திருக்கிறேன்.

ஒன்று புரிந்தது. என் காது இந்த வேலைக்கு ஆகாது. வயதில் மேல் ஸ்தாயி எல்லாம் போய்விட்டது. எனக்கு எல்லாப் பதிவும் நல்ல பதிவுதான். அவள் காலை வைத்துத்தான் நான் தேர்வு செய்ய வேண்டும்.

ஜூன் 12, வியாழன்
காற்று.

மறுபடி இலவச மென்பொருள். இம்முறை அமைப்புகளை இருமுறை படித்தேன். மைக் மூடியிருக்கிறது. கணினியின் உள் ஒலியை மட்டும் எடுக்கிறது. அளவும் சிவப்பைத் தொடவில்லை.

பொன்மலர் நடந்தாள். மேசையருகே திரும்பும் இடத்தில் நின்றாள். அங்கே இடம் குறுகல், அதனால்தான் என்று நினைத்து, அவளை உட்காரவைத்துவிட்டு மேசையைச் சுவரோரம் நகர்த்தினேன். (செல்லக்கனி வந்து, "எதுக்குச் சார் தனியா இழுக்கிய, முகமெல்லாம் வேர்த்துட்டு" என்று ஏசினாள்.) பிறகு பதிவை மறுபடி முதலிலிருந்து போட்டோம். இந்தத் தடவை மெதுவாகப் புறப்பட்டாள். ஜன்னலருகே நின்றாள். மேசைக்கும் ஜன்னலுக்கும் தூரம் அதிகம். ஆனால் பாட்டில் அதே இடம்.

திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒலி அலையில் ஒரு கீறல். ஒரு கண்சிமிட்டலிலும் சிறு பகுதி. அந்த அளவுக்குப் பதிவில் ஒன்றுமே இல்லை. எனக்குக் கேட்கவில்லை. செல்லக்கனிக்கும் கேட்கவில்லை. பொன்மலருக்கும் காதில் கேட்கவில்லையாம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. காலு நின்னுட்டு, அவ்வளவுதான்."

இன்னும் மூன்று இடத்தில் அப்படிக் கீறல் இருந்தது. அந்த மூன்றிலும் அவள் தடுமாறினாள். முன்கூட்டியே அவளிடம் சொல்லவில்லை.

அலுவலகத்தில் எவ்வளவோ நுட்பமான கருவிகளைக் கையாண்டிருக்கிறேன். இவ்வளவு துல்லியமான ஒன்றைப் பார்த்ததில்லை. இதை அவளிடம் சொன்னேன்.

"நல்லா புகழ்ந்திய போங்க, பொண்டாட்டியை" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி
காற்று குறைவு.

ரெக்ஸைப் பார்க்க மாடிக்குப் புறப்பட்டேன். பாதிப் படியில் உட்கார்ந்தேன். அவரே இறங்கி வந்துவிட்டார்.

"என்ன சார் இங்கன உக்காந்திருக்கிய?"

"காற்று வாங்குகிறேன்."

"காத்து முன்பக்கம்லா அடிக்கு. இங்க செவருதான் இருக்கு." என் முகத்தையே பார்த்தார். பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கீறலைப் பற்றிச் சொன்னேன். கணினி பழையது, இரண்டு மென்பொருளை ஒன்றாக ஓட்டினால் மூச்சு முட்டி நடுநடுவே விட்டுவிடும் என்றார். ஒரே மென்பொருளில் பாட்டையும் இணைத்துப் பதிவையும் செய்தால் சுமை குறையும். ஒலியைச் சற்று முன்கூட்டியே சேர்த்து வைக்கும் பஃபர் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைக் கூட்டி வைக்க வேண்டும். இணையத்தைத் துண்டித்துவிட வேண்டும்.

"அப்படியானால் சொந்தப் பதிவுப் பொத்தான்தான்."

"அதான் சார். அளவை மட்டும் பச்சையில வைங்க. பிறகு எம்பி3யா எடுங்க, சின்னதா இருக்கும்."

"சுருக்காத முழுக் கோப்பாக எடுக்கலாமா?"

"எடுக்கலாம். இடம் நிறைய அடைக்கும். உங்களுக்கு என்ன, பத்து வருஷத்துக்கா சேர்த்து வைக்கப் போறிய?"

சிரித்தேன். கொஞ்சம் தாமதமாகச் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ரெக்ஸ் என்னைக் கையைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து விட்டார்.

ஜூன் 15, ஞாயிறு
மகள் மெர்லின் பெங்களூரிலிருந்து பேசினாள். எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று மறுபடி சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்
அதிகாலையில் நான்கு தூறல். அளக்கும் அளவுக்கு இல்லை.

தேர்வு முடிந்தது. மிக்சிங் மென்பொருளின் சொந்தப் பதிவு, அளவு பச்சையின் நடுவில், சுருக்காத முழுக் கோப்பு, இணையம் துண்டிப்பு.

சுருக்கிய கோப்பையும் நியாயத்துக்காகச் சோதித்தேன். சின்னதாகச் சுருக்கியதில் சலங்கைச் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது என்றாள். பெரிதாகச் சுருக்கியதில் குறை ஒன்றும் சொல்லவில்லை, நடையும் நன்றாக இருந்தது. ரெக்ஸ் சொன்னது தவறில்லை. இருந்தாலும் முழுக் கோப்பே இருக்கட்டும். பிற்காலத்தில் யாராவது வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டி வந்தால் மூலம் முழுதாக இருக்க வேண்டும்.

பொன்மலர் கூடத்திலிருந்து வராந்தாவுக்கும் வராந்தாவிலிருந்து கூடத்துக்கும் நடந்தாள். பாட்டு மாறியது அவளுக்குத் தெரியவில்லை. கால் ஒருமுறைகூட ஒட்டவில்லை. கையைக்கூட வீசினாள், முன்பு பள்ளி மைதானத்தில் வீசியது போல.

நான் சரியாகச் செய்தேனா என்று சந்தேகம் வந்து, மறுபடி சோதித்தேன். இம்முறையும் அவள் நிற்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி
மேகம்.

மூன்று நாளாக மதியத்தில் அவள் தூங்கும்போது பதிவு வேலை. வெறும் கொட்டுப் பாட்டுகள் ஒரு தொகுப்பு. பழைய சினிமாப் பாட்டுகள் ஒன்று. பேண்ட் வாத்தியம் ஒன்று. காலில் பலம் குறைந்த நாளுக்கு மெதுவானது ஒன்று. கூடிய நாளுக்கு வேகமானது ஒன்று. சலித்துப் போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் இரண்டு வகை.

இன்று கிறிஸ்துமஸ் பாட்டுகள். இவற்றைப் பொருத்துவது கடினம். பாடகர் குழு தாளத்தில் நிற்பதே இல்லை. கொட்டைத் தனியாக அடியில் ஓட்டிச் சமாளித்தேன். நடுவில் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டேன்.

முடியும் நேரத்தில் பொன்மலர் விழித்துவிட்டாள். கட்டிலில் இருந்தே கேட்டாள்:

"ஏங்க, ஜூன் மாசத்துல எதுக்குங்க கிறிஸ்துமஸ் பாட்டு?"

"எதற்கும் இருக்கட்டும் என்று."

"மதுரைல எத்தனை நாளு?"

"ஒரு வாரம். பத்து நாள் ஆகலாம்."

காப்பி குடித்தோம்.

ஜூன் 22, ஞாயிறு
மேற்குக் காற்று. வானம் தெளிவு.

இன்று ஒத்திகை. நான் வீட்டில் இல்லாதபோது நடப்பது போலவே நடக்க வேண்டும். செல்லக்கனியை வரச் சொல்லியிருந்தேன்.

"சார், இதுல எதை அமுக்கணும்? நீளமா இருக்கே, அதையா?"

"அதைத்தான். ஒரே தடவை."

"ரெண்டு தடவை அமுக்கிட்டா?"

"நின்றுவிடும்."

"அப்ப மூணாவது அமுக்கணும்." எனக்குத் தோன்றாத தீர்வு.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனேன். பாட்டு தொடங்கியது. கதவுக்கு இந்தப் பக்கம் கொட்டு மெலிதாகவும் அவள் காலடி அதைவிடத் தெளிவாகவும் கேட்டது. அவள் வீட்டிலும் கான்வாஸ் ஷூதான் போடுவாள். வராந்தாப் பக்கம் போனது, திரும்பியது. முதல் இணைப்பு வந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், காலடி தவறவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நான் இல்லாமல் அவள் நடக்கிறாள். இதற்காகத்தான் இத்தனையும். சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டேன். படியில் உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் உள்ளே போனேன். பொன்மலர் நாற்காலியில் உட்காராமல் சுவரோர மேசையின் விளிம்பில் ஒரு விரல் வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"வெளிய நின்னியளா, உக்காந்தியளா?"

நான் கதவைச் சாத்தினேன்.

"முதல் நாளு மைக்ல எடுத்தியள்லா, அதை நீங்க குளிக்கப் போன நேரமெல்லாம் போட்டுக் கேட்டேன். குக்கர் வருது. செல்லக்கனி வாரா. மீன்காரன் வாரான். பிறகு யாருமே இல்லாத இடத்துல ஒரு மூச்சு வருது. மின்விசிறின்னு சொன்னிய."

"பொன்மலர்..."

"எத்தனை வருஷம் பிள்ளைகளை ஓட விட்டிருக்கேன். ஓடி வந்த மூச்சுக்கும் ஓட முடியாத மூச்சுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? மெர்லினுக்குப் போன் போட்டேன். நான் ஒண்ணும் கேக்கவே இல்ல, அவளே அழுதுட்டா." விரலை மேசையிலிருந்து எடுக்கவில்லை. "நெஞ்சுல ஆபரேஷன்தானே?"

"ஆமாம். மூன்று இடத்தில் அடைப்பு."

"என்ன சொல்லுதாங்க?"

"நன்றாக முடியக்கூடும் என்கிறார்கள். வயதையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள்."

செல்லக்கனி மெல்லச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"ஏன் சொல்லலன்னு நான் கேக்கமாட்டேன்" என்றாள் பொன்மலர். "தெரிஞ்சா இவளுக்குக் காலு வராது, விழுந்துருவான்னு நினைச்சிருப்பிய. தெரிஞ்சிக்கிட்டேதான் இத்தனை நாளும் நடந்தேன். நடந்தேனா இல்லையா?"

"நடந்தாய்."

"அப்ப அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டை அழிங்க."

"அது மட்டும் இருக்கட்டுமே. கஷ்டப்பட்டுப் பொருத்தினேன். தரம் நன்றாக..."

"அழிங்கன்னேன்."

மைதானத்துக் குரல். நான் கணினி முன் உட்கார்ந்தேன்.

"டிசம்பர்ப் பாட்டை டிசம்பர்ல வந்து போடுங்க. நேர்ல."

"முடிந்தால் கண்டிப்பாக..."

"பெய்யக்கூடும், பெய்யாமலும் இருக்கக்கூடும்னு எழுதியே பென்ஷன் வாங்கின ஆளு நீங்க. எனக்கு இன்னைக்குக் 'கூடும்' வேண்டாம். வருவியளா, மாட்டியளா?"

அவள் கேட்பது நியாயமில்லை. எந்த ஆதாரமும் இல்லாமல் இப்படி ஒன்றை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

"வருவேன்" என்றேன்.

"கேக்கல."

"வருவேன்!"

"எனக்குக் கேட்டுட்டு டீச்சர்" என்றாள் செல்லக்கனி உள்ளேயிருந்து. மூக்கைச் சிந்தும் சத்தம் வந்தது.

அழித்தேன். உண்மையாகவே அழிக்கவா என்று மென்பொருள் மறுபடி கேட்டது. ஆம் என்ற இடத்தை அமுக்கினேன்.

ஜூன் 23, திங்கள்
பையில்: மருத்துவச் சீட்டுகள், இரண்டு வேட்டி, கண்ணாடி, இந்த நாட்குறிப்பு. ரெக்ஸ் காரில் கொண்டுவிடுகிறார். மெர்லின் மதுரைக்கு வந்துவிடுவாள். செல்லக்கனி இங்கேயே தங்கிக்கொள்கிறாள்; அவள் தங்கையும் வருவாள். பதிவுகளின் பிரதி ஒன்று பெண்டிரைவில், ஒன்று ரெக்ஸிடம்.

காலையில் பதிவைப் போடவில்லை. பெட்டியில் நானே இணைத்தேன். ஓர் இணைப்பில் கை தவறி அடி பிசகியது. பொன்மலர் நின்றாள். திரும்பிப் பார்த்து, "வந்து ஒழுங்கா பழகுங்க" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி
எழுத்து கோணலாக வருகிறது. மன்னிக்கவும், யாரிடம் என்று தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து நேற்றுத்தான் சாதாரண அறைக்கு மாற்றினார்கள். இருமும்போது நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நர்ஸ் பெண் தாங்கிப் பிடிக்க, அறை வாசல் வரை நடந்தேன். கால் நடுங்கியது. எனக்கும் ஒரு கொட்டு தேவைப்படும் என்று தோன்றியது.

ஜன்னலில் கொஞ்சம் வானம் தெரிகிறது. கிழக்கே திரண்ட மேகம். மழை வருமா தாத்தா, துணி காயப்போட்டிருக்கேன் என்று கேட்டாள் அந்தப் பெண். வரும் என்றேன். இதுவரை வரவில்லை.

காலையில் மெர்லின் போனைக் காதில் வைத்தாள். செல்லக்கனி பேசினாள். டீச்சர் ஒருநாள்கூடத் தப்பாமல் நடக்கிறார்களாம். "இப்பவும் நடக்காங்க சார், கேளுங்க" என்று போனைக் கூடத்தின் பக்கம் நீட்டினாள் போலிருக்கிறது.

போனில் ஒலித் தரம் மோசம். கொட்டு தகரம் தட்டுவது போல் வந்தது. அதற்கு நடுவே கான்வாஸ் ஷூவின் காலடி. நிற்காமல் போனது, திரும்பி வந்தது. பிறகு குக்கர் விசில் கேட்டது.

"அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு இங்கே நிற்கிறாயே செல்லக்கனி" என்றேன்.

"அடுப்பே பத்த வைக்கல சார். அது பாட்டுக்குள்ள உள்ள குக்கரு. மத்த நாளெல்லாம் நீங்க நல்லா எடுத்ததைத்தான் போட்டேன். இன்னைக்கு இதைப் போடுன்னு டீச்சர் ஒத்தக்கால்ல நின்னுட்டாங்க."

ஒற்றைக் காலில் நின்றாளா என்று கேட்டேன். பேச்சுக்குச் சொன்னேன் சார் என்றாள்.

இரண்டாவது விசில் வந்தது. மீன்காரர் வந்தார். பிறகு என் மூச்சு கேட்கும் அந்த இடமும் வந்தது. காலடி அங்கே நிற்கவில்லை.

மைக்கில் எடுத்த பதிவு அது. அளவு சரியில்லை, கொட்டு அமுங்கிப் போயிருக்கிறது, வெளிச்சத்தம் அதிகம். நடைப் பயிற்சிக்கு ஏற்றதே அல்ல. வீட்டுக்குப் போனதும் இதை அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.